சீட்டிங் அரேஞ்ச்மென்ட்

உங்க நோட்டில் இருக்கிற எந்த சர்க்யூட் டயகிராமை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. அதில் ஆப்-ஆம்ப் இருக்கும், ரெசிஸ்டர் இருக்கும், கெப்பாசிட்டர் இருக்கும். எது எதோடு சேர்கிறது என்ற விவரமும் இருக்கும். தூரம் மட்டும் இருக்காது. ஒரு கோட்டை ஓர் அங்குலம் இழுத்தாலும் ஒரு முழம் இழுத்தாலும் அர்த்தம் ஒன்றுதான். இரண்டு கோடுகள் ஒட்டிப் போனாலும் விலகிப் போனாலும் மார்க் ஒன்றுதான். கிரவுண்டு சின்னத்தைப் பத்து இடத்தில் போட்டுவிட்டு, பத்தும் ஒரே புள்ளி என்று நம்பிக்கொள்கிறோம்.

நாலு வருஷமும் இந்த நம்பிக்கையிலேயே பாஸாகிவிடலாம். ஆனால் அதே படத்தை ஒரு செம்புத் தகட்டில் இறக்க உட்கார்ந்தால் முதல் நிமிஷத்திலேயே தூரம் உள்ளே வந்துவிடும். யார் பக்கத்தில் யார் உட்காருவது, யாரை யாரிடமிருந்து தள்ளி வைப்பது என்று நீங்கதான் முடிவு செய்யணும். அதற்கு ஆன்சர் கீ கிடையாது. பிசிபி லேஅவுட் என்றால் கோடு போடுகிற வேலை என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோடு போடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் நடப்பது எல்லாம் சீட்டிங் அரேஞ்ச்மென்ட். எக்ஸாம் ஹாலில் ஒரே டிபார்ட்மென்ட் ஆட்களை ஏன் அடுத்தடுத்து உட்கார வைப்பதில்லை என்று நம்ம எல்லாருக்கும் தெரியும் இல்லையா, கிட்டத்தட்ட அதே காரணம்.

நான் இதில் இறங்கியது ஒரு கிடார் பெடலுக்காக. ஹாஸ்டலில் எங்கள் மாடியில் இருந்த ஃபைனல் இயர் மெக்கானிக்கல் அண்ணன் ஒருவர் காலேஜ் லைட் மியூசிக் டீமில் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பார். அவரிடம் இருந்த டிஸ்டார்ஷன் பெடல் இரவல். கல்ச்சுரல்ஸுக்கு முன்னாடியே திருப்பித் தர வேண்டிய நிலை. புதுசு வாங்குகிற விலை அவர் கையில் இல்லை. ஒரு நாள் மெஸ்ஸில் கேட்டார்: "தம்பி, நீ ஈசிஇ தானே? அந்த டப்பாவுக்குள்ள அப்படி என்னதான்டா இருக்கு? ஒண்ணு செஞ்சு குடுக்க முடியுமா?"

"முடியும்ணா" என்றேன்.

அவர் வாசிக்கப் போகிற பாட்டில் ஒரு இடம் உண்டு. டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் நின்றுவிடும். இரண்டு பார் முழு அமைதி. அதற்கப்புறம் தனியாக கிடார் சோலோ. அந்த அமைதியில் பெடல் ஏற்கெனவே ஆனில் இருக்கும். டப்பாவுக்குள் இருந்து வருகிற ஒவ்வொரு 'ஜ்ஜ்ஜ்'ஜும் ஆடிட்டோரியம் முழுக்கக் கேட்கும். லேபில் அவுட்புட் வரவில்லை என்றால் ரீடிங்கை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மேடையில் நிற்கிறவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் எனக்கு இது சத்தம் வரவைக்கிற வேலையாக இருக்கவில்லை, அந்த இரண்டு பார் அமைதியைக் காப்பாற்றுகிற வேலையாகத்தான் இருந்தது.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

எடுத்துக்கொண்ட சர்க்யூட் எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ். அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரில் தொடங்கிய எம்எக்ஸ்ஆர் நிறுவனம் 1970களில் கொண்டுவந்த பெடல் அது. ஆஸி ஆஸ்போர்னோடு வாசித்த ராண்டி ரோட்ஸ் இதைப் பயன்படுத்தியதால் புகழ் பெற்றது. வீட்டில் செய்கிறவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் வேறு: உள்ளே ஒரே ஒரு 741 ஆப்-ஆம்ப், இரண்டு ஜெர்மானியம் டயோடு, கைவிரலால் எண்ணிவிடக்கூடிய ரெசிஸ்டர்கள், கெப்பாசிட்டர்கள். அவ்வளவுதான்.

வேலை செய்யும் விதம் நம்ம இரண்டாம் வருஷப் பாடம்தான். கிடாரிலிருந்து வருகிற சின்ன சிக்னல் 3ஆம் காலில் நுழைகிறது. 6ஆம் காலிலிருந்து 2ஆம் காலுக்கு 1 மெகா ஓம் ஃபீட்பேக். 2ஆம் காலிலிருந்து தரைக்கு ஒரு 47 நானோஃபேரட் கெப்பாசிட்டர், ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு 500 கிலோ ஓம் பாட் மூன்றும் வரிசையாக. பாட்டை முழுசாகத் திருப்பினால் அதன் மதிப்பு பூஜ்யம். கெயின் ஏறக்குறைய 214. திருப்பாமல் விட்டால் கெயின் வெறும் 3. பெருகி வெளியே வருகிற சிக்னலின் தலையையும் காலையும் இரண்டு டயோடுகள் சீவிவிடுகின்றன. சீவுவதுதான் அந்தக் கரகரப்பு.

இந்த 214 என்ற எண்ணை மனசில் வைத்துக்கொள்ளுங்க. நமக்கு வேண்டிய சிக்னலை 214 மடங்கு பெருக்குகிற அதே ஐசி, வேண்டாததையும் கூச்சமே இல்லாமல் 214 மடங்கு பெருக்கும்.

ஐந்து பிக்கோஃபேரட்கூட வேண்டாம்

முதலில் பிரெட்போர்டில் போட்டுப் பார்த்தோம். ஐசிக்கு டிஎல்071. சத்தம் வந்தது, அண்ணன் முகம் மலர்ந்தது. கெயினை முழுசாகத் திருப்பிவிட்டு கிடார் ஒயரைக் கழற்றியதும் 'கீச்'சென்று ஒரு விசில். கனெக்‌ஷன் எல்லாம் சரி. படத்தில் எந்தப் பிழையும் இல்லை. அப்போ விசில் எங்கிருந்து வருது?

படத்தில் வரையப்படாத ஒரு கெப்பாசிட்டரிலிருந்து. இரண்டு கம்பிகள் அடுத்தடுத்துப் போனாலே அவற்றுக்கு இடையில் சில பிக்கோஃபேரட் கெப்பாசிட்டன்ஸ் உண்டாகிவிடும். பிரெட்போர்டில் அவுட்புட் ஒயர் இன்புட் ஒயரின் மேலே தாவித்தான் போகும். அடுத்தடுத்த வரிசைகளும் உள்ளே பக்கத்துப் பக்கத்து உலோகப் பட்டைகள்தான்.

கணக்கு சுலபம். இந்த சர்க்யூட்டில் இன்புட்டிலிருந்து தரைக்கு ஒரு 1 நானோஃபேரட், அதாவது 1000 பிக்கோஃபேரட் கெப்பாசிட்டர் இருக்கிறது. அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு வரையப்படாத ஒரு கெப்பாசிட்டர் இருந்தால், இரண்டும் சேர்ந்து ஒரு டிவைடர் ஆகிவிடுகின்றன. அவுட்புட்டில் 214இல் ஒரு பங்கு திரும்பி இன்புட்டுக்கு வந்தால் போதும்; இது நான்-இன்வர்ட்டிங் என்பதால் அது அதே திசையில் வந்து சேர்ந்து, தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு ஓடும். 1000ஐ 214ஆல் வகுங்க. 4.7 பிக்கோஃபேரட்கூட முழுசாக வேண்டாம். கிடார் செருகியிருந்தால் அதன் பிக்கப் சுற்று அந்தத் திருட்டு சிக்னலைத் தரைக்கு இழுத்துவிடும், அதனால் விசில் அடங்கும். அடங்கினாலும் அது ஓரத்தில் நிற்கிற நிலைதான். விசில் அடிக்காத நேரத்திலும் ஒரு பகுதி அலைவரிசையைத் தூக்கிவிட்டுத் தொனியைக் கெடுக்கும்.

இப்போ எக்ஸாம் ஹாலுக்கு வாங்க. இன்புட்டும் அவுட்புட்டும் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தால் காப்பி நடக்கும். இரண்டையும் தள்ளி உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் இந்த போர்டின் முதல் விதி.

சந்தோஷமான விஷயம், ஐசியை வடிவமைத்தவர்களே பாதி சீட்டிங்கைப் போட்டு வைத்திருக்கிறார்கள். 741ஐ மேலிருந்து பார்த்தால் 2, 3ஆம் கால்கள் இடது பக்கம். அவுட்புட்டான 6, சப்ளையான 7 வலது பக்கம். நடுவில் 7.62 மி.மீ. இடைவெளி. அந்தப் பிரிவை போர்டு முழுக்க நீட்டிக்கொண்டால் போதும்: இன்புட் ஒயர் இடது ஓரம், அவுட்புட் ஒயர் வலது ஓரம், சிக்னல் இடமிருந்து வலமாக ஒரே திசையில் நடந்து போகும், திரும்பி வரவே வராது.

இங்கே ஒரு குழப்பம் வரும், தயாராக இருங்க. கிடார் பெடலை மேலிருந்து பார்த்தால் இன்புட் ஜாக் வலது பக்கம், அவுட்புட் இடது பக்கம், வழக்கம் அப்படி. ஆனால் டப்பாவைத் திருப்பி, பின்மூடியைக் கழற்றிப் பார்க்கும்போது இன்புட் நமக்கு இடது பக்கம் வந்துவிடும். நாம் கைகேட்டில் வரைவது இந்தத் திருப்பிய பார்வையில். பாட்டின் மூன்று கால்களும் பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலம் மாறித்தான் தெரியும். ஒரு பேப்பரில் டப்பாவை இரண்டு பக்கமும் வரைந்து வைத்துக்கொண்டு அதன்பின் கம்ப்யூட்டரைத் திறப்பது நல்லது.

படத்தில் சமம், போர்டில் சமமில்லை

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். 2ஆம் காலிலிருந்து தரைக்குப் போகும் வரிசையில் மூன்று பேர்: 47 நானோஃபேரட், 4.7 கிலோ ஓம், பாட். தொடர் இணைப்பில் வரிசை மாறினாலும் மொத்த இம்பீடன்ஸ் மாறாது என்பது பாடம். சரிதான். தேர்வில் எப்படி வரைந்தாலும் முழு மார்க்.

போர்டில்? பாட் என்பது டப்பாவின் முகப்பில் இருக்கிறது. அங்கே போக 4, 5 செ.மீ. ஒயர் வேண்டும். பாட்டை 2ஆம் காலுக்குப் பக்கத்தில் போட்டால் அந்த ஒயர் முழுக்க 2ஆம் காலின் வாலாகிவிடும். கெயின் முடிவாகிற, ஒரு மெகா ஓம் தொங்குகிற மென்மையான முனை அது. அந்த வால் சுற்றியிருக்கிற டியூப்லைட், அடாப்டர் எல்லாவற்றின் இரைச்சலையும் வாங்கி உள்ளே ஊற்றும். பாட்டைத் தரைப் பக்கம் வைத்து, கெப்பாசிட்டரையும் ரெசிஸ்டரையும் 2ஆம் காலை ஒட்டி உட்கார வைத்தால், அதே நீள ஒயர் தரையை ஒட்டிய ஓரத்துக்குப் போய்விடுகிறது. கெயினை ஏற்ற ஏற்ற அது தரைக்கு நெருக்கமாகிக்கொண்டே போகும். அதாவது எப்போது ஆபத்து அதிகமோ அப்போது இரைச்சல் குறைவு. செலவு பூஜ்யம்.

ஃபீட்பேக்கில் வருகிற 1 மெகா ஓமுக்கும் இதே நியாயம். அது 2ஆம் காலுக்கும் 6ஆம் காலுக்கும் பாலம் போட்டாக வேண்டும். பாலத்தில் ரெசிஸ்டரை எந்தக் கரையில் வைப்பது? 2ஆம் காலை ஒட்டி. நீளமான செம்பு 6ஆம் கால் பக்கம் இருக்கட்டும். அவுட்புட் பலசாலி, அவனைப் பக்கத்து ஆட்கள் அசைக்க முடியாது. பலவீனமான முனையின் டிராக் குட்டையாக இருக்கணும், பலமான முனையின் டிராக் நீளமாக இருந்தால் பரவாயில்லை.

ஆட்டோரவுட்டர் பட்டனை நான் தொடாததற்கும் இதுதான் காரணம். அதற்குத் தெரிந்தது எந்தக் கால் எந்தக் காலோடு சேர வேண்டும் என்பது மட்டும். யார் பலசாலி, யார் நோஞ்சான் என்பதை நாம் சொல்லாமல் அதற்குத் தெரிய வழியில்லை.

தரை என்பது ஒரு பாதை

அடுத்து கிரவுண்டு. படத்தில் அது ஒரு புள்ளி. போர்டில் அது ஒரு செம்புப் பாதை. செம்புக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டு. சாதாரண போர்டில் செம்பின் தடிமன் 35 மைக்ரான். அதில் ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய அரை மில்லி ஓம். 1 மி.மீ. அகலம், 50 மி.மீ. நீளம் என்றால் 50 சதுரம். மொத்தம் 25 மில்லி ஓம். இதெல்லாம் ஒரு ரெசிஸ்டன்ஸா என்று தோன்றும். அந்தப் பாதையில் அடாப்டரின் இரைச்சலோடு 1 மில்லி ஆம்பியர் போனால் 25 மைக்ரோவோல்ட். இன்புட் அந்தப் பாதையைத் தன் பூஜ்யம் என்று நம்பியிருந்தால் 25 மைக்ரோவோல்ட்டும் சிக்னலாகிவிடும். 214ஆல் பெருக்குங்க: 5 மில்லிவோல்ட்டுக்கு மேல்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லணும். 47 நானோஃபேரட்டும் 4.7 கிலோ ஓமும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயினைக் குறைத்துவிடுகின்றன. சுத்தமான 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' 16 மடங்குக்கு மேல் ஏறாது. முழுக் கெயினையும் அனுபவிப்பது மேலே இருக்கிற 'ஜ்ஜ்ஜ்' வகையறா. காதுக்கு எரிச்சல் தருவதும் அதுதான்.

இதற்கு வழி, ஒரே தரையில் நடக்க வேண்டியவர்களைச் சேர்த்து, கூடாதவர்களைப் பிரிப்பது. இன்புட் ஜாக்கின் தரை, கெயின் பாட்டின் தரை, 4.5 வோல்ட் நடுப்புள்ளியைத் தாங்குகிற கெப்பாசிட்டரின் தரை இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர வேண்டும். ஆப்-ஆம்ப் பூஜ்யம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த மூன்றைத்தான். எல்இடி, 9 வோல்ட் ஜாக், 100 மைக்ரோஃபேரட் ஃபில்டர் கெப்பாசிட்டர் ஆகியவற்றின் தரை இன்னொரு கிளை. இரண்டு கிளையும் ஃபில்டர் கெப்பாசிட்டரின் காலில் ஒருமுறை மட்டும் சந்திக்கும். எல்இடியின் கரண்ட் இன்புட்டின் வாசல் வழியாகப் போகாது. அதனால்தான் கால்வைத்து பெடலை ஆன் செய்யும்போது 'டொக்'கென்ற சத்தமும் குறையும்.

டப்பாவும் இந்தக் கதையில் ஒரு ஆள். அது அலுமினியம். இரண்டு ஜாக்கும் உலோக உடம்பு என்றால், இரண்டின் தரையும் டப்பா வழியாகச் சேர்ந்து, நாம் போர்டில் பார்த்துப் பார்த்துப் பிரித்த கிளைகளை ஒரு வளையமாக்கிவிடும். நான் இன்புட்டுக்கு உலோக ஜாக்கும் அவுட்புட்டுக்கு பிளாஸ்டிக் உடம்பு ஜாக்கும் வைத்தேன். டப்பா ஒரே இடத்தில் தரையைத் தொடுகிறது.

இன்புட்டும் அவுட்புட்டும் தவிர்க்கவே முடியாமல் நெருங்குகிற ஒரு இடம் உண்டு: ஒன்பது கால் ஃபுட் ஸ்விட்ச். கிடார் சிக்னலைப் பெடல் வழியாகவா நேராகவா என்று மாற்றுவது அதன் வேலை என்பதால் இருவரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். அங்கே செய்ய முடிந்தது, பெடல் ஆஃபில் இருக்கும்போது சர்க்யூட்டின் இன்புட்டைத் தரையோடு கட்டிவிடுகிற மாதிரி ஸ்விட்சை வயரிங் செய்வது. ஆஃபில் இருந்தாலும் உள்ளே கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். திறந்த இன்புட்டோடு அது தனியாக விசில் அடித்து, பக்கத்துக் காலில் கசிய இடம் தரக் கூடாது.

முதலில் கடை, அப்புறம் கைகேட்

இனி நடைமுறை. பாகங்களை வாங்கிவிட்டு வரையத் தொடங்குங்க. சாஃப்ட்வேரில் 47 நானோஃபேரட் என்றால் ஒரு அளவு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைப்பது வேறு அளவாக இருக்கலாம். கால் இடைவெளி 5 மி.மீ. வருதா 7.5 வருதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு ஃபுட்பிரிண்ட் எடுங்க. ஜெர்மானியம் டயோடு வாங்கும்போது கடையிலேயே மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்துப் பாருங்க. 0.2, 0.3 வோல்ட் காட்டினால் ஜெர்மானியம். 0.6 காட்டினால் அது சிலிக்கன், கண்ணாடி உடம்பு எப்படி மின்னினாலும் சரி. ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. எனவே லேஅவுட்டிலேயே அதன் இரண்டு பேடுகளையும் தள்ளி வைத்து, கால்களை நீளமாக விட இடம் கொடுங்க.

டப்பா வெளியளவில் 112க்கு 60 மி.மீ., உயரம் 31 மி.மீ. 1590பி என்று கேட்டால் தருவார்கள். இரண்டு ஜாக், ஒரு பவர் ஜாக், ஃபுட் ஸ்விட்ச், இரண்டு பாட் எல்லாம் போக மிஞ்சியது 45க்கு 40 மி.மீ. என் போர்டு அதற்குள் அடங்கியாக வேண்டும்.

பாகங்களை வைத்ததும் திரையில் சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். உடனே டிராக் போடாதீங்க. பாகத்தைச் சுழற்றுங்க, நகர்த்துங்க. வலை தானாகப் பிரியும். பாதி நேரத்துக்கு மேல் எனக்கு இதில்தான் போனது. பிரிந்த பின் டிராக் போடுவது அரை மணி நேர வேலை. கடைசியில் ஒரே ஒரு இடத்தில் டிராக்குகள் குறுக்கிட்டன. அங்கே ஒரு ரெசிஸ்டரைப் பாலமாக நிறுத்தி அதன் வயிற்றுக்குக் கீழே டிராக்கை விட்டேன். அதுவும் முடியாத இடத்தில் வெட்டிப்போட்ட ரெசிஸ்டர் காலை ஜம்பராகப் போடலாம், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

இந்த சர்க்யூட் இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான். மின்சாரத்துக்காக மட்டும் பார்த்தால் தலைமுடி அகல டிராக் போதும். நான் 1 மி.மீ. வைத்ததற்குக் காரணம் அயர்ன் பாக்ஸ். போர்டு செய்தது டோனர் டிரான்ஸ்ஃபர் முறையில்: லேசர் பிரிண்டரில் பளபளப்பான தாளில் அச்செடுத்து, தகட்டின் மேல் கவிழ்த்துத் தேய்ப்பது. மெல்லிய கோடு தாளோடு போய்விடும். இரண்டு டிராக்குக்கு நடுவில் அரை மி.மீ.க்குக் குறையாமல் இடம், பேடு 2 மி.மீ., துளை 0.8 மி.மீ. காலியான இடத்தையெல்லாம் தரைச் செம்பாகவே விட்டுவிட்டேன்; கரைக்க வேண்டிய செம்பு குறைந்தால் ஃபெரிக் குளோரைடும் மிச்சம். தீர்ந்த திரவத்தை ஹாஸ்டல் சிங்க்கில் ஊற்ற வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து கெமிஸ்ட்ரி லேபில் கொடுங்க.

தகட்டைக் கரைப்பதற்கு முன் ஒரு வேலை: தாளை அசல் அளவில் அச்செடுத்து ஒரு தெர்மாகோல் துண்டில் ஒட்டி, எல்லாப் பாகத்தையும் குத்திப் பாருங்க. ஒரு ரூபாய்த் தாளில் ஒரு போர்டு மிச்சமாகும்.

திறக்கப்போகிறவருக்கு

லேஅவுட்டில் கடைசியாக எடுத்த முடிவுகளுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. ஐசிக்கு நேராக சால்டர் வைக்காமல் ஐசி பேஸ் போட்டேன். 741இன் வேகம் குறைவு. கெயின் 214இல் அது 5 கிலோ ஹெர்ட்ஸைக்கூடத் தாண்டாது. டிஎல்071 ஏறக்குறைய 14 வரை போகும். இரண்டுக்கும் கால் வரிசை ஒன்றே. மாற்றி மாற்றிச் செருகி அண்ணனைக் கேட்கச் சொன்னேன். "இதுல முள்ளு குத்தலடா" என்று 741ஐத் தேர்ந்தெடுத்தார். டேட்டாஷீட்டில் குறையாக எழுதியிருப்பது அவர் காதுக்கு இதமாக இருந்தது.

அமெரிக்காவில் 1994இல் வெளிவந்த கிளான் சென்டார் என்ற பெடல் ரொம்பப் பிரபலம். அதன் போர்டின் மேல் எபாக்ஸி ஊற்றி மூடியிருப்பார்கள், சர்க்யூட்டை யாரும் பார்த்து எழுதிவிடக் கூடாது என்று. செய்கிறவர் உழைப்பைக் காப்பாற்றிக்கொள்ள அது ஒரு வழி. என் நிலைமை நேர் எதிர். அண்ணன் அடுத்த மாசம் காலேஜை விட்டுப் போகிறவர். இது கெட்டுப்போனால் அவர் ஊரில் ஒரு டிவி மெக்கானிக்கோ, மைக் செட் கடைக்காரரோதான் திறக்கப் போகிறார். அவரிடம் என் படம் இருக்காது. போர்டு தானே பேச வேண்டும்.

அதனால் செம்பிலேயே எழுத்து வைத்தேன்: 'உள்ளே', 'வெளியே', 'தரை', '+9'. கீழ்ப்பக்கச் செம்பில் வைக்கிற எழுத்து திரையில் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பித் தெரிந்தால்தான் தேய்த்த பின் நேராக வரும். தமிழுக்கு இன்னொரு சோதனையும் உண்டு: மெய்யெழுத்தின் புள்ளி. ஒரு துண்டுத் தகட்டில் அளவு அளவாகப் போட்டுப் பார்த்தேன். 2 மி.மீ. எழுத்தில் புள்ளிகள் கரைந்துபோய் 'உள்ளே' என்பது 'உளளே' ஆகிவிட்டது. 4 மி.மீ. உயரத்தில், கொட்டை எழுத்தில் புள்ளி தங்கியது. போர்டில் அவ்வளவு இடத்தை எழுத்துக்கு விட்டது வீண் என்று க்ளாஸில் ஒருவன் சொன்னான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கல்ச்சுரல்ஸில் அந்த இரண்டு பார் அமைதி வந்தபோது நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். முழு நிசப்தம் இல்லை. கெயின் ஏறிய எந்தப் பெடலிலும் இருக்கிற மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' இருந்தது. ரெசிஸ்டரும் ஐசியும் இயல்பாகவே உண்டாக்குகிற இரைச்சல் அது, லேஅவுட்டால் போக்க முடியாது. 'ஜ்ஜ்ஜ்' இல்லை, விசில் இல்லை. சோலோ தொடங்கியது.

அண்ணன் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறார். போன மாசம் ஃபோட்டோ ஒன்று அனுப்பியிருந்தார். பவர் ஜாக்கின் ஒயர் அறுந்துவிட்டதாம். ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கி அவரே ஒட்டிவிட்டார். கீழே ஒரு வரி: "எழுதி வெச்சிருந்ததால உன்னக் கூப்பிடல."

இந்த செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டில் நீங்க போர்டு செய்வதாக இருந்தால், கைகேட்டைத் திறப்பதற்கு முன் சர்க்யூட் படத்தின் மேல் மூன்று கலர் பேனாவை எடுத்துக்கொள்ளுங்க. நோஞ்சான் முனைகளைச் சிவப்பில் வட்டமிடுங்க, அவற்றின் டிராக் குட்டையாக இருக்கணும். பலசாலிகளை நீலத்தில் வட்டமிட்டு, சிவப்பிலிருந்து தள்ளி உட்கார வையுங்க. தரைச் சின்னங்களில் எவையெவை ஒன்றாகச் சேர வேண்டும் என்று பச்சையில் இணைத்துப் பாருங்க. அப்புறம் உட்காருங்க. எழுத்துக்குக் கொஞ்சம் இடம் விடவும் மறக்காதீங்க.